தன் பொக்கிஷத்துக்குத் தானே காவல்

செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெல்லும் மணிலாவும் பயிரிடுகிற குடியானவர்கள், அறுவடை முடிந்ததும் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போவது நெடுநாளைய வழக்கம். அங்கே வியாபாரிகள் சரக்கைப் பார்த்து விலை குறிப்பார்கள். உயர்ந்த விலை குறித்தவருக்குச் சரக்குப் போகும். எடையில் கோளாறு நேர்ந்தாலும், பணம் வந்து சேரத் தாமதமானாலும், முறையிடுவதற்குக் கண்காணிப்பாளர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் செவிசாய்க்காவிட்டால் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்வதற்கும் நம் குடியானவர்கள் தயங்குவதில்லை. ஆக, அந்தச் சந்தையில் எத்தனை குறைகள் இருந்தாலும், குறையைச் சொல்லிக்கொள்ள ஒரு முகம் இருக்கிறது.

அதே குடியானவரின் பிள்ளை, சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்ப்பவன், விடுமுறைக்கு ஊருக்கு வந்து திண்ணையில் சாய்ந்தபடி தன் கைபேசியிலேயே ஒரு சந்தைக்குள் பிரவேசித்து, ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொரு நாணயத்தை வாங்கிக்கொண்டு, காபி ஆறுவதற்குள் வெளியே வந்துவிடக்கூடும். அந்தச் சந்தைக்குக் கட்டடம் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, எதிரே நின்று விலை பேசும் வியாபாரி கூட இல்லை. ‘டெக்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்ச் அதுதான். அதற்குள் நுழைய வேண்டுமானால் முதலில் தனக்கென ஒரு கிரிப்டோ வாலட் அமைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் எப்படி இயங்குகின்றன என்பதையும், இவற்றில் இறங்குகிறவன் எந்தப் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான் என்பதையும் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

கிரிப்டோ நாணயம் கைக்கு அகப்படும் வஸ்து அன்று. உலகெங்கும் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரியாகப் பிரதி வைத்துப் பராமரிக்கிற ஒரு பேரேட்டில், இன்ன முகவரிக்கு இன்ன தொகை என்று எழுதப்பட்டிருக்கும் வரியே நாணயம். அந்தப் பேரேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் மறைந்திருந்த ஒருவரோ பலரோ 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரையில் இந்த யோசனை உருப்பெற்று, 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எதீரியம், வெறும் வரவு செலவோடு நில்லாமல், ஒப்பந்தங்களையே கணினி நிரலாக எழுதிப் பேரேட்டில் பதித்துவிட்டால் அவை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாமே நிறைவேறும்படி செய்தது. டெக்ஸ் என்னும் சந்தை பிறந்தது இந்த வசதியினால்தான்.

வாலட் என்பது கைபேசியிலோ கணினியிலோ நிறுவிக்கொள்ளும் ஒரு செயலி. நாணயம் அதற்குள் இருப்பதில்லை, பேரேட்டில்தான் இருக்கிறது. வாலட்டில் இருப்பது சாவி. பேரேட்டில் உள்ள தொகையை இன்னாருக்கு மாற்று என்று கையெழுத்திடும் அதிகாரம் அந்தச் சாவிக்கு மட்டுமே உண்டு. சாவியை வைத்திருப்பவர் யார், அவர் அதை நியாயமாகப் பெற்றாரா, திருடினாரா என்ற விசாரணையெல்லாம் பேரேட்டுக்குக் கிடையாது.

எதீரிய வகை நாணயங்களுக்குப் பெரும்பாலோர் உபயோகிப்பது மெட்டாமாஸ்க் என்ற வாலட். கன்சென்சிஸ் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்டது. அதை நிறுவுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அசலை ஒத்த போலிகள் தேடுபொறி விளம்பரங்களிலேயே முதல் வரிசையில் வந்து நிற்பதுண்டு ஆகையால், நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குச் சென்று அங்கிருந்து இறக்கிக்கொள்வதே உத்தமம். செயலியைத் திறந்ததும் ஒரு கடவுச்சொல் கேட்கும். இது அந்தக் கைபேசியில் செயலியைப் பூட்டி வைப்பதற்கு மட்டுமே. பிறகு பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டி, எழுதிக்கொள்ளச் சொல்லும். சாவியின் மொத்த ரகசியமும் இந்தப் பன்னிரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது.

2013-இல் வகுக்கப்பட்ட ஒரு நியமத்தின்படி இச்சொற்கள் 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கப்படுகின்றன. ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலும் இத்தகைய பட்டியல் உண்டு. தமிழில் இல்லை என்பது ஒரு சிறு வருத்தம். பட்டியல் யாரும் படிக்கும்படி பகிரங்கமாகவே இருக்கிறதே, எவனாவது சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட மாட்டானா என்று தோன்றலாம். அமையக்கூடிய வரிசைகளின் தொகை 39 இலக்கங்கள் கொண்ட எண்; இன்றுள்ள கணினிகள் யாவும் சேர்ந்து யுகயுகமாக முயன்றாலும் அது தீராது. அதே காரணத்தால், சொந்தக்காரரே அச்சொற்களைத் தொலைத்துவிட்டாலும் கண்டுபிடிப்பதற்கு வழியில்லை. வங்கியில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று கேட்டு உதவ ஒரு பொத்தான் இருக்கிறது. இங்கே சொற்கள் போனால் போனதுதான். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர், ஏறத்தாழ 8,000 பிட்காயின்களுக்கான சாவி பதிந்த ஹார்ட் டிஸ்க் 2013-இல் தவறுதலாகக் குப்பையோடு போய்விட, நகராட்சியின் குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல்லாண்டு போராடி, 2025 ஜனவரியில் நீதிமன்றத்திலும் தோற்றார். நாணயங்கள் இன்றும் பேரேட்டில் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

ஆகவே அச்சொற்களைக் காகிதத்தில் மையால் எழுதி, ஈரமும் எலியும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். கைபேசியில் படம் பிடித்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வதும், மின்னஞ்சலில் சேமிப்பதும் கூடவே கூடாது. அவை நம் கையைவிட்டுப் பல கணினிகளுக்குப் பயணம் போய்விடும். ‘உதவி மையத்திலிருந்து பேசுகிறோம், சரிபார்ப்பதற்காகச் சொற்களைச் சொல்லுங்கள்’ என்று எவர் கேட்டாலும் அவர் திருடர் என்று நிச்சயித்துக்கொள்ளலாம், ஏனெனில் உண்மையான நிறுவனம் எதற்கும் அச்சொற்கள் தேவைப்படுவதே இல்லை. இன்னும் ஒரு காரியம் பலர் செய்யாமல் விடுகிறார்கள்: வாலட்டில் பணம் எதுவும் போடுவதற்கு முன்பே, செயலியை முழுவதும் அழித்துவிட்டு, காகிதத்தில் எழுதிய சொற்களைக் கொண்டு மறுபடியும் உயிர்ப்பித்து, முன்பிருந்த அதே முகவரி வருகிறதா என்று பார்த்துக்கொள்வது. எழுத்துப் பிழை ஏதேனும் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஒரு நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் கிரிப்டோ வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அதன் பலன் என்னவென்பதற்கு 2024 ஜூலை 18 அன்று ஓர் உதாரணம் கிடைத்தது. மும்பையைச் சேர்ந்த வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் பொது வாலட் ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ₹2,000 கோடி மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பல பேர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் பூட்டு அது. நிறுவனம் கொடுத்த விளக்கத்தின்படி, கையெழுத்திட்டவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் உண்மையில் கையெழுத்திட்டது வேறொன்று. இது வட கொரியத் திருடர்களின் கைவரிசை என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன; சிங்கப்பூரிலுள்ள தாய் நிறுவனம், நேர்ந்த நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பங்கிட்டுவிடும் ஒரு திட்டத்துடன் அந்நாட்டு நீதிமன்றத்தை நாடியது.

சென்னையிலிருந்து அந்தத் தளத்தில் முதலீடு செய்திருந்த ஒரு பெண்மணி இதை ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் ₹1,98,516 கொடுத்து அவர் வாங்கியிருந்தவை எக்ஸ்ஆர்பி என்ற நாணயங்கள். களவு போனவையோ வேறு வகை. யாருடைய நாணயமோ திருடு போனதற்கு என் நாணயத்தை ஏன் வெட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் அளித்த உத்தரவில், கிரிப்டோ என்பது தொட்டறியக்கூடிய பொருளும் அல்ல, செலாவணியும் அல்ல, ஆயினும் அனுபவிக்கவும் உடைமையாகக் கொள்ளவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் தக்க சொத்துதான் என்று கண்டு, வழக்குத் தீரும்வரை அவருடைய உரிமைக்கு இடைக்காலப் பாதுகாப்பும் அளித்தார். நியூசிலாந்தில் கிரிப்டோபியா என்ற எக்ஸ்சேஞ்ச் களவாடப்பட்டதையொட்டி 2020-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வெளியிட்ட தீர்ப்பும் இவ்வழக்கில் பரிசீலிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்விஷயத்தில் எழுந்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த உத்தரவை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலப்படும். நீதிமன்றம் கட்டளையிட முடிந்ததற்குக் காரணம், கட்டளைக்கு உட்பட வேண்டிய ஒரு நிறுவனம் எதிரே நின்றதுதான். தன் சாவியைத் தானே வைத்திருப்பவர், பெயரற்ற ஒரு நிரலோடு வியாபாரம் செய்து நஷ்டப்பட்டால், எந்த நீதிபதி யாருக்கு உத்தரவிடுவார்? சொத்துரிமை அவருக்கும் உண்டு, பிரதிவாதிதான் இல்லை. அடுத்தவனை நம்பிப் பணம் கொடுத்து ஏமாறும் அவலத்தை நம் வட்டாரம் நன்றாக அறியும்; மாதந்தோறும் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது வட்டி என்று ஆசை காட்டியதாக ஆருத்ரா நிறுவனத்தின்மேல் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2022-இல் தொடுத்த வழக்கு ஆரணிப் பக்கத்தில் இன்றும் பேச்சில் அடிபடுகிறது. அவ்வகை ஏமாற்றத்துக்கு டெக்ஸில் இடம் குறைவு. அங்கே ஒருவன் பெரும்பாலும் தன்னாலேயே ஏமாறுகிறான்.

சரி, அந்தச் சந்தையில் விலை எப்படி அமைகிறது? இயந்திரப் பொறியியல் படித்து, வேலையை இழந்திருந்த ஹேடன் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2018 நவம்பரில் தொடங்கிய யூனிஸ்வாப் இதற்கு மிகவும் பிரசித்தமான உதாரணம். செஞ்சிக் கூடத்தில் விலை குறிக்க வியாபாரிகள் வேண்டும். இங்கே வியாபாரிகளுக்குப் பதிலாக ‘பூல்’ எனப்படும் ஒரு பொதுக் குவியல் இருக்கிறது. அதில் இரண்டு வகை நாணயங்கள் கிடக்கும்; இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் தொகை குறையக் கூடாது என்பதே நிரலில் எழுதப்பட்ட ஒரே விதி. ஒரு குவியலில் எதீரியத்தின் நாணயமாகிய ஈதர் நூறும், டாலருக்கு டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி 3,00,000-மும் இருப்பதாகக் கற்பித்துக்கொள்வோம். பெருக்குத்தொகை 3 கோடி. அப்போதைய விலை ஈதருக்கு 3,000. ஒருவர் ஓர் ஈதரை எடுக்க விரும்பினால், மீதி 99 ஈதரோடு பெருக்கி 3 கோடி வருவதற்கு மறுபுறத்தில் 3,03,030 இருக்க வேண்டும். ஆகவே அவர் 3,030 செலுத்துகிறார். பத்து ஈதரை ஒரே மூச்சில் எடுப்பவர் 33,333 செலுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 3,333 ஆகிறது. ஐம்பதை எடுக்கத் துணிந்தவருக்கோ ஒவ்வொன்றும் 6,000! எடுக்க எடுக்க விலை தானே ஏறும். போடப் போட இறங்கும். குவியல் சிறியதாக இருந்தால் சிறு தொகைக்கே விலை துள்ளிவிடும். புதிதாக முளைத்த நாணயங்களின் குவியல்கள் பெரும்பாலும் அப்படிச் சிறியவையே.

குவியலில் நாணயம் போட்டு வைப்பவர்களும் நம்மைப் போன்ற சாமானியர்கள்தாம். யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வசூலாகும் 0.3 சதவீதக் கட்டணத்தில் பெரும்பகுதி அவர்களுக்குப் போகிறது. சும்மா கிடக்கும் நாணயத்துக்கு வட்டி வருகிறதே என்று மகிழ்ந்து போடுகிறவர்கள், விலை ஒரு பக்கமாக வெகுதூரம் ஓடினால் தங்கள் பங்கில் ஏறிய நாணயம் குறைந்து இறங்கிய நாணயம் மிகுந்துவிடும் என்பதை அறிந்து போடுவது நல்லது. கட்டணத்தால் கிடைத்ததைக் காட்டிலும் இதனால் போனது அதிகமாக இருப்பதும் சகஜம்.

மாற்றத்துக்குக் கையெழுத்திடும்போது ‘ஸ்லிப்பேஜ்’ என்று ஒரு சதவீதம் கேட்கப்படும். நாம் பொத்தானை அழுத்துவதற்கும் பேரேட்டில் பதிவாவதற்கும் இடையில் விலை எவ்வளவு நகர்ந்தால் பொறுத்துக்கொள்வோம் என்பதன் அளவு அது. தாராளமாக வைத்துவிட்டால், நம் கோரிக்கையைக் கண்டு நமக்கு முன்னே வாங்கி, நாம் வாங்கியதும் நமக்குப் பின்னே விற்று, இடைப்பட்ட இலாபத்தைச் சுருட்டுவதற்கென்றே இரவு பகலாக விழித்திருக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் ‘கேஸ்’ என்ற கூலியையும் ஈதராகவே கொடுத்தாக வேண்டும். காரியம் கைகூடாமல் போனாலும் கூலி திரும்பாது. நெரிசலான காலத்தில் எதீரியத்தில் இக்கூலி ஆயிரக்கணக்கான ரூபாயை எட்டியதுண்டு. கூலி குறைந்த துணைப் பாதைகளும் தோன்றின. அவற்றுள் பாலிகான், நம் நாட்டு இளைஞர்கள் 2017-இல் மாட்டிக் என்ற பெயரில் தொடங்கியது. ஒரு பாதையில் அனுப்ப வேண்டிய நாணயத்தை வேறொரு பாதையில் அனுப்பித் தவிப்பவர்கள் அநேகர். முதன்முறை மிகச் சிறிய தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்தபின் மீதியை அனுப்புவதே முறை.

பெயரை நம்பி வாங்குவதும் ஆபத்து. டெக்ஸில் எவரும் எந்தப் பெயரிலும் ஒரு நாணயத்தை உண்டாக்கிவிடலாம். பிரபலமான நாணயத்தின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே சூட்டிய போலிகள் ஏராளம். பூஜ்யத்தில் தொடங்கும் 42 எழுத்துகள் கொண்ட ஒப்பந்த முகவரி ஒன்றே அசலுக்கு அடையாளம். வாங்க முடியும், ஆனால் விற்க முடியாது என்று நிரலிலேயே பூட்டுப் போட்ட நாணயங்களும் உண்டு.

இவற்றையெல்லாம்விட நயவஞ்சகமானது அனுமதிக் கையெழுத்து. ஒரு நாணயத்தை மாற்றுவதற்கு முன், அதை என் வாலட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று டெக்ஸின் நிரலுக்கு நாம் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. பல தளங்கள் அந்த அனுமதியை அளவற்றதாகவே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. போலித் தளம் ஒன்றில் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால், பன்னிரண்டு சொற்களும் பெட்டியில் பத்திரமாக இருக்கும்போதே வாலட் காலியாகிவிடும். செஞ்சிக் கோட்டையின் சரித்திரம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மராட்டிய மன்னர் இராஜாராம் புகலடைந்திருந்த அந்தக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சூழ்ந்து நின்ற பிறகே பிடிக்க முடிந்தது. அதிலும் இராஜாராம் தப்பிப் போய்விட்டார். அதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாயில்களைத் தகர்த்துக்கொண்டு ஒரே இரவில் கைப்பற்றிவிட்டார். மலையும் மதிலும் இரண்டு காலத்திலும் ஒன்றுதான். கிரிப்டோவின் மதிலாகிய கணிதத்தைத் திருடர்கள் தொடுவதே இல்லை. கையெழுத்திடும் மனிதன் என்ற வாயிலைத்தான் அவர்கள் நாடுகிறார்கள். கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. அவ்வப்போது பார்த்து ரத்து செய்வது வீட்டுக் கதவைத் தாழிடுவதைப் போல் பழக்கமாக வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். கிரிப்டோ வியாபாரிகளுக்கு வங்கிகள் சேவை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய வி. இராமசுப்பிரமணியன். தடையும் இல்லை, நாணயமென்ற அங்கீகாரமும் இல்லை என்ற நிலையில், 2022 ஏப்ரல் 1 முதல் வரி மட்டும் தெளிவாக வந்து சேர்ந்தது. இலாபத்தில் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்தோடு ஈடு செய்யவும் முடியாது. ஒரு நாணயத்தில் லட்ச ரூபாய் சம்பாதித்து இன்னொன்றில் லட்ச ரூபாய் இழந்தவர், கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் ₹31,200 கட்ட வேண்டும். கடுமையான விதிதான், நியாயமான விதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாணயத்தை நாணயத்துக்கு மாற்றுவதும் விற்பனையாகவே கருதப்படுவதால், டெக்ஸில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கணக்கில் வருகிறது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் நிறுவனமாயின் அதுவே பிடித்துக் கட்டிவிடும், ஆனால் குவியலுக்கு ஏது பான் எண்! 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகையால் ரூபாயைக் கிரிப்டோவாக மாற்றும் முதல் படியிலேயே, பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் பான், ஆதார் முதலியவற்றைக் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். அங்கிருந்து தன் வாலட்டுக்கு மாற்றிக்கொண்ட பிறகு, தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் தானே எழுதி வருவதைத் தவிர வேறு வழியில்லை; வருஷ முடிவில் அறிக்கை தயாரித்துக் கொடுக்க அங்கே குமாஸ்தா கிடையாது.

கடைசியாக, இளைஞர்கள் நினைத்தே பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு; எக்ஸ்சேஞ்சில் இருக்கும் நாணயத்துக்குக் கூட, வாரிசுச் சான்றிதழைக் காட்டிக் குடும்பத்தார் உரிமை கேட்கலாம். சொந்த வாலட்டில் இருப்பதற்கு வாரிசு யாரென்று தாசில்தார் கையெழுத்திட்டாலும் பேரேட்டுக்கு அது விளங்காது. பன்னிரண்டு சொற்கள் கிடைத்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. சொற்களை உயிரோடிருக்கும்போதே எல்லோருக்கும் சொல்லி வைப்பதும் அபாயம், எவருக்கும் சொல்லாமல் வைப்பதும் அபாயம். இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வங்கி லாக்கரிலுமாக முத்திரையிட்ட உறையில் வைத்து, உறை ஒன்று இருக்கிறது, அதை இன்ன காரியத்துக்குத் திறக்க வேண்டும் என்ற விவரத்தை மட்டும் மனைவியிடமோ பெற்றோரிடமோ சொல்லி வைப்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் முறை. உறையின்மேல் எந்த வாலட், எந்தப் பாதை என்பதையும் தமிழிலேயே எழுதிவிட்டால், திறக்கிறவர்கள் அதைப் பழைய காகிதமென்று எறிந்துவிடாமல் இருப்பார்கள்.